ஃபங்ஷனுக்கு முன்னால் இருக்கும் காலி பைட்டுகள்: கெர்னலில் அங்கே எதை வைக்கலாம்?

கேள்வி இது: லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு ஃபங்ஷனோடும் கொஞ்சம் தகவலை ஒட்டி வைக்க வேண்டும். ஹாஷ் டேபிள் போட்டுத் தேடுவதற்குப் பதிலாக, ஃபங்ஷன் தொடங்குவதற்கு முன் இடநிரப்பியாக விடப்படும் பேடிங் பைட்டுகளில் அதை எழுதி வைத்தால் வேகமாக இருக்காதா? அப்படியென்றால் ஏன் எல்லா இடத்திலும் அதைச் செய்வதில்லை?

வேகமாகத்தான் இருக்கும். ஆர்ம்64 (64 பிட் ஆர்ம் பிராசசர்) கெர்னலில் 2023-இல் வந்த 6.3 பதிப்பிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. இன்டெல், ஏஎம்டி பிராசசர்களின் எக்ஸ்86-இல் சிக்கல், ஏனென்றால் அந்த இடம் ஏற்கெனவே வேறு ஆட்களிடம் போய்விட்டது. இரண்டையும் விளக்குகிறேன். அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிட வேண்டும்.

"காலியாகக் கிடக்கும் பேடிங்" என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு. ஒரு ஃபங்ஷன் முடிந்து அடுத்தது 16 பைட் எல்லையில் தொடங்க வேண்டும் என்பதற்காகக் கம்பைலர் நிரப்பும் இடம் முதல் வகை. அது 15 பைட்டாகவும் இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். முந்தைய ஃபங்ஷன் எங்கே முடிந்தது என்பதைப் பொறுத்தது. அதை நம்பி எதையும் வைக்க முடியாது. இரண்டாவது வகை, கம்பைலரிடம் கேட்டு வாங்கிய இடம். ஜிசிசி கம்பைலரின் 8-ஆம் பதிப்பில் வந்த பேட்சபிள் ஃபங்ஷன் என்ட்ரி என்ற ஆப்ஷனுக்கு இரண்டு எண் கொடுக்கலாம்: மொத்தம் எத்தனை நாப் (எதுவும் செய்யாத இன்ஸ்ட்ரக்‌ஷன்) வேண்டும், அதில் எத்தனை ஃபங்ஷன் தொடங்கும் முகவரிக்கு முன்னால் வர வேண்டும் என்று. இப்படி வாங்கிய இடம்தான் உறுதியானது. அது ஓசி இடம் அல்ல. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் சேர்ந்து கெர்னலின் அளவு கூடும்.

இந்த யோசனை கெர்னல்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. ஹாஸ்கெல் மொழியின் ஜிஹெச்சி கம்பைலர், குளோஷரின் (ஃபங்ஷனும் அதற்கு வேண்டிய மதிப்புகளும் சேர்ந்த பொட்டலம்) தகவல் அட்டவணையை அதன் என்ட்ரி கோடுக்குச் சற்று முன்னால் வைக்கிறது. ஒரே பாயிண்டர் கோடையும் காட்டும், தகவலையும் காட்டும். விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது 32 பிட் சிஸ்டம் டிஎல்எல்களில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு முன்னாலும் 5 பைட் விட்டு, முதல் இன்ஸ்ட்ரக்‌ஷனாக ஈடிஐ ரெஜிஸ்டரை ஈடிஐக்கே நகர்த்தும் 2 பைட் வெற்று வேலையைப் போட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்ச் செய்ய வேண்டுமென்றால் அந்த 2 பைட்டைப் பின்னோக்கிக் குதிக்கும் ஜம்ப்பாக மாற்றலாம், முன்னால் இருக்கும் 5 பைட்டில் தூரத்துக்குப் போகும் ஜம்ப்பை எழுதலாம்.

ஹாஷ் டேபிளில் என்ன குறை? கெர்னல் ஃபங்ஷன்கள் ஓடுவதைக் கவனிக்கும் (டிரேஸ் செய்யும்) எஃப்டிரேஸ் வசதியை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபங்ஷனின் வாசலில் இருக்கும் நாப்பை ஒரு கால் இன்ஸ்ட்ரக்‌ஷனாக மாற்றி, அது டிராம்போலின் எனப்படும், இடையில் நிற்கும் ஒரு பொதுவான கோடுத் துண்டுக்குப் போகிறது. அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் கேள்வி: நான் எந்த ஃபங்ஷனிலிருந்து வந்தேன், இந்த ஃபங்ஷனைக் கவனிப்பவர் யார்? கவனிப்பவர்கள் பலர் இருந்தால், எஃப்டிரேஸ் அந்தப் பட்டியல் முழுவதையும் வரிசையாகப் பார்த்து, ஒவ்வொருவரின் ஹாஷிலும் இந்த முகவரி இருக்கிறதா என்று தேடும். எனக்கு ஒரே ஒரு ஃபங்ஷனைத்தான் டிரேஸ் செய்ய வேண்டும்; பக்கத்தில் வேறொருவர் ஆயிரம் ஃபங்ஷன்களை டிரேஸ் செய்கிறார் என்றால், அவருடைய கணக்கையும் சேர்த்து நான் சுமக்கிறேன். கெர்னலுக்குள் சிறு புரோகிராம்களை ஓட்டும் பிபிஎஃப் பக்கமும் இதே கதைதான். 2022-இல் 5.18 பதிப்பில் வந்த கேப்ரோப் மல்டி வசதியில், ஒரே புரோகிராமைப் பல ஃபங்ஷன்களில் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் குக்கி என்ற ஒரு அடையாள எண் கொடுக்கலாம். அந்தக் குக்கியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், வரிசைப்படுத்திய முகவரிகளில் பைனரி தேடல் நடக்கிறது. சில நானோவினாடிகள்தான். ஆனால் நொடிக்குப் பல லட்சம் முறை ஓடும் ஃபங்ஷனில் அந்தச் சில நானோவினாடிகள் கண்ணுக்குத் தெரியும்.

பேடிங்கில் வைத்தால் தேடலே கிடையாது. முகவரியில் 8-ஐக் கழி, அங்கே இருப்பதை எடு, முடிந்தது. அதோடு, அந்த ஃபங்ஷனின் முதல் சில பைட்டுகளைப் பிராசசர் இப்போதுதான் எடுத்திருக்கும் என்பதால், அதே கேஷ் லைன் எல்2-வில் இருக்க வாய்ப்பு அதிகம். எப்போதும் அல்ல: 64 பைட் கேஷ் லைனில் 16 பைட் எல்லைகள் நான்கு, ஃபங்ஷன் அதில் முதலாவதில் தொடங்கினால், அதன் பேடிங் முந்தைய லைனில் விழும். ஆகவே கிட்டத்தட்ட நான்கில் ஒரு ஃபங்ஷனுக்கு இந்த ஓசி லாபம் கிடைக்காது. இருந்தாலும் ஹாஷ் பக்கெட்டுக்குப் போய், அங்கிருந்து சங்கிலியில் நடந்து போவதைவிட மேல்.

இப்போது ஆர்ம்64 எப்படிச் செய்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இந்த நுட்பத்தின் மிகச் சுத்தமான உதாரணம் அதுதான். அங்கே இதற்கான தேவையும் கடுமையாக இருந்தது. ஆர்ம்64-இல் ஃபங்ஷனைக் கூப்பிடும் பிஎல் இன்ஸ்ட்ரக்‌ஷன் முன்னும் பின்னும் 128 எம்பி வரைதான் எட்டும். எக்ஸ்86-இல் 2 ஜிபி எட்டும். அதனால் ஒவ்வொரு டிரேசருக்கும் தனி டிராம்போலின் எழுதி, நேராக அதைக் கூப்பிடச் செய்யலாம். ஆர்ம்64-இல் கெர்னலும் மாட்யூலும் புதிதாக ஒதுக்கிய டிராம்போலினும் எட்டும் தூரத்தில் இருக்கும் என்று உறுதி கிடையாது. ஆகவே எல்லோரும் ஒரே பொது டிராம்போலினுக்குத்தான் போக வேண்டும். அங்கே போனபின் "யாருக்காக வந்தேன்" என்பதை விரைவாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

தீர்வு: நான்கு நாப், அதில் இரண்டு ஃபங்ஷனுக்கு முன்னால். ஆர்ம்64 இன்ஸ்ட்ரக்‌ஷன் 4 பைட் என்பதால் முன்னால் 8 பைட் கிடைக்கிறது. ஒரு 64 பிட் பாயிண்டருக்கு அளவெடுத்தாற்போன்ற இடம். அதில் அந்த ஃபங்ஷனைக் கவனிப்பவரின் விவரம் அடங்கிய எஃப்டிரேஸ் ஆப்ஸ் கட்டமைப்பின் முகவரி நேராக எழுதப்படுகிறது. பின்னால் இருக்கும் இரண்டு நாப்பில் ஒன்று, திரும்பிப் போக வேண்டிய முகவரியை எக்ஸ்9 ரெஜிஸ்டரில் பத்திரப்படுத்தும். இன்னொன்று டிராம்போலினைக் கூப்பிடும் பிஎல். டிராம்போலினுக்குள் வந்ததும் எக்ஸ்30 ரெஜிஸ்டர் அந்த பிஎல்-க்கு அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷனைக் காட்டும். பாயிண்டரிலிருந்து அது 16 பைட் தள்ளி இருக்கும். ஆனால் ஃபங்ஷன் வாசலில், இங்கே குதித்து வரலாம் என்று குறிக்கும் பிடிஐ இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒன்று இருந்தால் 20 பைட் ஆகிவிடும். பிடிஐ எல்லா ஃபங்ஷனிலும் இருக்காது. எது எங்கே என்று சோதித்துக்கொண்டிருந்தால் வேகம் போச்சு. செய்திருப்பது இதுதான்: எக்ஸ்30-இன் கடைசி மூன்று பிட்டை அழி, 16 கழி, அங்கே லோடு செய். பாயிண்டர் 8 பைட் எல்லையில் இருப்பதால் 20 என்பது 16 ஆகிவிடும், 16 அப்படியே இருக்கும். இரண்டே இன்ஸ்ட்ரக்‌ஷன். இந்த இரண்டு வரியை முதன்முதலில் படித்தபோது நான் காகிதத்தில் போட்டுப் பார்த்துத்தான் நம்பினேன்.

அந்த 8 பைட்டில் எப்போதும் ஒரு செல்லுபடியாகும் பாயிண்டர் இருந்தே ஆக வேண்டும். யாரும் டிரேஸ் செய்யாதபோது பூஜ்யம் எழுதினால் என்ன என்று தோன்றும். ஆனால் ஒரு சிபியு அந்த பிஎல்-ஐ ஏற்கெனவே தாண்டி டிராம்போலினுக்குள் நின்றுகொண்டிருக்கும்போது நாம் டிரேசரை எடுத்துவிட்டால், அது பூஜ்யத்தை எடுத்துக்கொண்டு போய் விழும். அதனால் எதுவுமே செய்யாத ஒரு ஆப்ஸ் கட்டமைப்பு வைத்திருக்கிறார்கள். காலியான ஃபங்ஷன்கள் அதைக் காட்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கவனித்தால், பழையபடி பட்டியலைச் சுற்றும் இன்னொரு பொது ஆப்ஸைக் காட்டும். ஒருவர் மட்டும் என்றால் நேராக அவரை. அந்தக் கட்டமைப்பை ஃப்ரீ செய்வதற்கு முன், டிராம்போலினுக்குள் பாதியில் நிற்கும் டாஸ்க்குகள் எல்லாம் வெளியே வரும்வரை ஆர்சியு டாஸ்க்ஸ் என்ற கெர்னல் காத்திருப்பு முறை மூலம் காத்திருக்க வேண்டும். இது பேடிங்குக்கு மட்டும் உள்ள கவலை அல்ல. ஆனால் "ஒரு லோடுதானே" என்று எழுத ஆரம்பிப்பவர்கள் மறப்பது இதைத்தான்.

இந்த ஏற்பாட்டின் மேல்தான் 6.4-இல் ஆர்ம்64-க்கு, டிரேசரின் சொந்த டிராம்போலினைக் கூப்பிடும் டைரக்ட் கால் வசதியும் வந்தது. டிராம்போலினின் முகவரி ஆப்ஸ் கட்டமைப்பில் ஒரு ஃபீல்டாக உட்கார்ந்திருக்கிறது. 128 எம்பிக்கு அப்பால் இருந்தாலும் பிரச்சினை இல்லை.

இதைக் கொண்டுவரும்போது ஒரு முட்டுக்கட்டை வந்தது. பாயிண்டர் 8 பைட் எல்லையில் இருக்க வேண்டுமென்றால் ஃபங்ஷன்களும் 8 பைட் எல்லையில் தொடங்க வேண்டும். ஜிசிசிக்கு அலைன் ஃபங்ஷன்ஸ் ஆப்ஷனைக் கொடுத்தால் அது எல்லா ஃபங்ஷனுக்கும் பொருந்தும் என்றுதானே நினைப்போம்? கோல்டு (அரிதாக ஓடுவது) என்று குறித்த ஃபங்ஷன்களுக்கு ஜிசிசி அதைக் கண்டுகொள்ளாது. நாம் குறிக்காமலே ஜிசிசி தானாகக் கோல்டு என்று முடிவுகட்டிய ஃபங்ஷன்களுக்கும் அதே கதி. அளவைக் குறைக்கும் -Os ஆப்ஷன் போட்டாலும் அப்படியே. "அரிதாக ஓடுவதற்கு எதற்கு அலைன்மென்ட்" என்பது கம்பைலரின் நியாயம். நமக்கோ அது வேகத்துக்கான விஷயம் அல்ல. தப்பினால் பாதிப் பாயிண்டரை எடுத்துவிடுவோம். கெர்னலில் இதற்காகக் கோல்டு குறியையே சில சமயம் நீக்க வேண்டியிருந்தது. ஜிசிசி 14-இல் குறைந்தபட்ச அலைன்மென்ட்டைக் கட்டாயமாக்கும் தனி ஆப்ஷன் வந்த பிறகுதான் நிம்மதி.

சரி, எக்ஸ்86-க்கு வருவோம். அங்கே ஃபங்ஷனுக்கு முன்னால் இருக்கும் 16 பைட், ஊர் முழுக்கப் படுக்க வரும் திண்ணை.

முதலில் வந்தது கேசிஎஃப்ஐ என்ற பாதுகாப்பு. கிளாங் கம்பைலர் கொண்டு கட்டிய கெர்னலில், ஃபங்ஷன் பாயிண்டர் வழியாகக் கூப்பிடும்போது, கூப்பிடப்படும் ஃபங்ஷனின் வகை சரிதானா என்று சோதிக்க, வகையின் 32 பிட் ஹாஷ் ஒன்று அதற்கு முன்னால் எழுதப்படும். 6.1 பதிப்பில் வந்தது. வெறும் 4 பைட் எண்ணாக அல்லாமல், ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டருக்கு ஒரு எண்ணை நகர்த்தும் 5 பைட் இன்ஸ்ட்ரக்‌ஷனாக வைத்தார்கள். அதை யாரும் ஓட்டப்போவதில்லை. ஆனால் ஆப்ஜ்டூல் போன்ற, கோடைப் பிரித்துப் படிக்கும் கருவிகள் குழம்பாது. ஹாஷ் எதேச்சையாக, "இங்கே குதித்து வரலாம்" என்று குறிக்கும் எண்ட்பிராஞ்ச் இன்ஸ்ட்ரக்‌ஷனின் 4 பைட்டோடு ஒத்துப்போய்விட்டால், அந்தக் குறி இல்லாத இடத்துக்குக் குதிப்பதைத் தடுக்கும் ஐபிடி பாதுகாப்பில் ஓட்டை விழும். அதனால் கிளாங் அந்த மதிப்புகளைத் தவிர்க்கிறது. கோடுக்கு நடுவில் டேட்டா வைப்பவர்கள் இந்த வகைக் கவலைகளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்து கால் டெப்த் டிராக்கிங். 2022 ஜூலையில் ஈடிஹெச் சூரிச் ஆய்வாளர்கள் பிராசசரின் ரிட்டர்ன் ஊகத்தை ஏமாற்றும் ரெட்பிளீட் தாக்குதலை வெளியிட்டார்கள். ஸ்கைலேக் பிராசசர்களில் அதற்கு இருந்த ஐபிஆர்எஸ் பாதுகாப்பு வேகத்தைக் கடுமையாகக் குறைத்தது. மாற்று யோசனை: ஒவ்வொரு ஃபங்ஷன் காலையும் (கூப்பிடுதலை) எண்ணிக்கொண்டே வந்து, திரும்பும் முகவரிகளை ஊகிக்கப் பிராசசர் வைத்திருக்கும் 16 இடம் கொண்ட ரிட்டர்ன் ஸ்டாக் பஃபர் காலியாகும் கட்டத்தில் அதை நிரப்பிவிடுவது. எண்ணும் இன்ஸ்ட்ரக்‌ஷனை எங்கே வைப்பது? பேடிங்கில்தான். ஒரு பெர்-சிபியு (ஒவ்வொரு சிபியுவுக்கும் தனியான) மாறியை ஐந்து பிட் வலப்புறம் நகர்த்தும் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன், 10 பைட். டைரக்ட் கால்கள் எல்லாம் ஃபங்ஷனுக்குப் பதில் அதற்கு முன்னால் இருக்கும் இந்த இடத்துக்குப் போகும்படி பூட் சமயத்தில் திருத்தப்படுகின்றன. கேசிஎஃப்ஐக்கு 5 பைட் போக மீதி 11. 10 அதில் அடங்கும். இது 6.2-இல் வந்தது.

அதே 6.2-இல் ஃபைன்ஐபிடி. சோதனையைக் கூப்பிடுபவரிடமிருந்து எடுத்து, கூப்பிடப்படுபவரின் பேடிங்குக்குள் வைப்பது. முதலில் வந்த வடிவில் எண்ட்பிராஞ்ச் 4 பைட், ஹாஷைக் கழிப்பது 7, ஜம்ப் 2, பிடிபட்டால் விழ வைக்கும் யூடி2 2, ஒரு நாப். கூட்டிப் பாருங்கள்: 16. ஒரு பைட் மிச்சமில்லை. இதற்கும் கால் டெப்த் டிராக்கிங்குக்கும் சண்டை வராததற்குக் காரணம் வன்பொருள்தான். எண்ணும் வேலை ஸ்கைலேக் தலைமுறைக்கு மட்டும் தேவை. ஐபிடி டைகர் லேக்கில்தான் வந்தது. ஒரே கெர்னல் படிமம் இரண்டு மெஷினிலும் ஓடும், ஆனால் பூட் ஆகும் மெஷினைப் பார்த்து ஏதோ ஒன்றுதான் அந்த இடத்தில் எழுதப்படும்.

இந்த இடத்தில்தான் நான்காவதாக ஒருவர், "எனக்கும் ஒரு 4 பைட் இன்டெக்ஸ் வைக்க இடம் கொடுங்கள்" என்று வருகிறார். 2025 தொடக்கத்தில் பிபிஎஃப், எஃப்ப்ரோப் (எஃப்டிரேஸ் மேல் கட்டிய வசதி) ஆகியவற்றுக்காக அப்படி ஒரு பேட்ச் தொடர் வந்தது: பேடிங்கில் ஒரு எண், அந்த எண் காட்டும் இடத்தில் வேறொரு டேபிளில் அசல் தகவல். வடிவமாக அது சரியானதுதான். ஆனால் கேசிஎஃப்ஐயும் பேடிங்கும் உள்ள கெர்னலில் 16 பைட்டும் புக் ஆகிவிட்டது. அந்த எண்ணைக் கேசிஎஃப்ஐ போல இன்ஸ்ட்ரக்‌ஷனாக வைக்க இன்னும் 5 பைட் வேண்டுமென்றால் 21 என்று நிறுத்த முடியாது, அடுத்த அலைன்மென்ட் 32. கணக்குக்கு 50,000 ஃபங்ஷன் என்று வைத்தால், கூடுதலாக ஃபங்ஷனுக்கு 16 பைட் என்றாலே 8 லட்சம் பைட். டிஸ்க்கில் அது ஒன்றுமில்லை. ஓடும் கோடு ஒன்றுக்கொன்று விலகிப்போவதால் ஐ-கேஷிலும் (இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷ்) டிஎல்பியிலும் (முகவரி மாற்றத்துக்கான கேஷ்) விழும் அடிதான் பிரச்சினை. டிரேஸே செய்யாதவரும் அந்த விலையை எப்போதும் கொடுக்க வேண்டும். டிரேஸ் செய்பவருக்குக் கிடைக்கும் லாபத்துக்காக மற்ற எல்லோரிடமும் வரி வசூலிப்பது, கெர்னல் மெயிண்டெயினர்களிடம் எளிதில் போணியாகாது.

எதை வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். "ஒவ்வொரு ஃபங்ஷனும் எத்தனை முறை ஓடியது என்ற கவுண்டரை அங்கேயே வைக்கலாமே" என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். முதலாவது, கெர்னல் டெக்ஸ்ட் (கோடு இருக்கும் மெமரிப் பகுதி) ரீட்-ஒன்லி. எழுத வேண்டுமென்றால் டெக்ஸ்ட் போக் போன்ற தனி வழியில், தற்காலிக மேப்பிங் போட்டுத்தான் எழுத முடியும். இரண்டாவது, எழுத அனுமதி இருந்தாலும், இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கும் கேஷ் லைனில் எழுதினால் எக்ஸ்86 பிராசசர் அதைத் தன்னைத் தானே திருத்தும் கோடு என்று எடுத்துக்கொண்டு, பைப்லைனைக் காலிசெய்துவிட்டு மறுபடி தொடங்கும். ஒவ்வொரு காலுக்கும் அப்படி நடந்தால் ஹாஷ் டேபிளே சொர்க்கம். பேடிங்கில் வைக்கத் தகுந்தது சிறியதாக, எப்போதாவது மட்டும் மாறுவதாக இருக்க வேண்டும்: ஒரு பாயிண்டர், ஒரு இன்டெக்ஸ், ஒரு ஹாஷ். அடிக்கடி மாறுவது எல்லாம் அது காட்டும் இடத்தில், சாதாரண டேட்டா மெமரியில்.

ஒரு நன்மையும் சொல்லிவிடுகிறேன். யாரும் ஓட்டாத பைட்டுகள் என்பதால், 8 பைட் எல்லையில் இருக்கும் பாயிண்டரை ஒரே ஸ்டோரில் மாற்றிவிடலாம். ஓடும் இன்ஸ்ட்ரக்‌ஷனை மாற்ற எக்ஸ்86-இல் முதலில் பிரேக்பாயிண்ட் பைட், அப்புறம் மீதி, அப்புறம் முதல் பைட் என்று எல்லா சிபியுவையும் ஒத்திசைத்துச் செய்யும் சடங்கு இங்கே தேவையில்லை.

எல்லா ஃபங்ஷனுக்கும் பேடிங் இருக்கிறதா என்பதும் தனித் தலைவலி. அசெம்பிளியில் எழுதியவற்றுக்கு மேக்ரோவில் நாமே விட வேண்டும். டிரேஸ் செய்யக் கூடாது என்று குறித்தவற்றுக்கு நாப் இருக்காது. வேறு ஆப்ஷன்களோடு கட்டிய வெளி மாட்யூல் ஒன்று வந்தால், அங்கே 8 கழித்துப் பார்க்கும்போது கிடைப்பது முந்தைய ஃபங்ஷனின் வால். ஆர்ம்64-இல் கேசிஎஃப்ஐயும் இந்த பாயிண்டர் ஏற்பாடும் ஒரே கெர்னலில் சேர முடியாமல் போனதற்கும் மூலம் இதுதான்: ஹாஷ், நாப்களுக்கும் முன்னால் போய் உட்காரும், கூப்பிடுபவர் ஒரே தூரத்தில்தான் அதைத் தேடுவார், நாப் இல்லாத ஃபங்ஷனில் தூரம் மாறிவிடும்.

எக்ஸ்86-இல் நான் செய்வதாக இருந்தால் பேடிங்கைத் தொடவே மாட்டேன். ஃபங்ஷன்கள் 16 பைட் எல்லையில்தான் தொடங்குகின்றன என்ற உறுதி இருக்கும்போது, முகவரியிலிருந்து டெக்ஸ்டின் தொடக்கத்தைக் கழித்து 16-ஆல் வகுத்தால் ஒரு தனித்த எண் கிடைக்கிறது. அதை இன்டெக்ஸாக வைத்து 4 பைட் அரே ஒன்று போடலாம். டெக்ஸ்ட் 20 எம்பி என்றால் அரே 5 எம்பி. பெரும்பாலும் காலியாக இருக்கும். டிரேசர் முதலில் வரும்போது மட்டும் ஒதுக்கலாம், பயன்படாத பக்கங்களை ஒதுக்காமலே விடலாம். கோடு ஒரு பைட்கூட வீங்காது. கால் ஸ்டாக்கைப் பின்னோக்கிப் படிக்கும் ஓஆர்சி அன்வைண்டர் 256 பைட் துண்டுகளுக்கு ஒரு இன்டெக்ஸ் என்று இதே பாணியில் ஒரு தேடல் அட்டவணை வைத்திருக்கிறது, ஆகவே புதுமையும் இல்லை. மாட்யூல்களுக்குத் தனி அரே வேண்டும், முகவரி எந்த மாட்யூலுக்கு உரியது என்று பார்க்க ஒரு கூடுதல் படி ஆகும். பேடிங்கைவிட ஒரு லோடு அதிகம், ஹாஷைவிடக் குறைவு. டிரேஸ் செய்பவர் மட்டும் செலவு செய்கிறார்.

டிரேஸ் செய்யப்போவது நூறு ஃபங்ஷன் என்றால் இதுவும் வேண்டாம், ஹாஷ் போதும்; அந்த அளவு டேபிள் எல்1-லேயே தங்கிவிடும். பல்லாயிரம் ஃபங்ஷன்களில் ஒரே நேரத்தில் மாட்டும் கருவி எழுதுகிறீர்கள் என்றால்தான் இந்தப் பேச்செல்லாம். முதலில் உங்கள் கெர்னல் கன்ஃபிக் கோப்பில் ஃபங்ஷன் அலைன்மென்ட், ஃபங்ஷன் பேடிங் பைட்ஸ் ஆகிய இரண்டு மதிப்புகளையும், கேசிஎஃப்ஐ போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிறகு கட்டிய கெர்னலான வி.எம்.லினக்ஸ் கோப்பை ஆப்ஜ்டம்ப்பில் திறந்து, தெரிந்த ஏதாவது ஒரு ஃபங்ஷனுக்கு முன்னால் இருக்கும் வரிகளைப் படியுங்கள். வரிசையாக 90 (எக்ஸ்86-இன் நாப்) என்ற பைட்டுகள் தெரிந்தால், கோப்பில் இடம் காலி. ஆனால் பூட் ஆனபின் கெர்னல் அதே இடத்தில் என்ன எழுதியது என்பது கோப்பில் தெரியாது. அதற்கு ஓடும் கெர்னலின் மெமரியைக் காட்டும் கேகோர் கோப்பை ஜிடிபியில் திறந்து அதே முகவரியைப் பார்க்க வேண்டும்.